குழந்தை ஃபிராக்குக்கு அம்பர்லா பாவாடை: வெட்டும்போது செய்யக் கூடாதவை

துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும், கத்தரி கூராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடலாம். அம்பர்லா பாவாடை என்றால் நடுவில் இடுப்புக்குத் துளை விட்டு வட்டமாக வெட்டும் பாவாடை. தையல் புதிதாகக் கற்க வருகிறவர்கள் ஃபிராக்கின் கீழ்ப்பகுதியாக அதை வரையும்போது, ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். அவற்றில் ஒன்று துணியையே காவு வாங்கிவிடும்.

குழந்தையின் இடுப்பை அளந்து வரைவது

தனிப் பாவாடை என்றால் இடுப்பளவு போதும். ஃபிராக்கில் பாவாடை சேரப்போவது மேல் பாடியின் அடி ஓரத்தோடு. பாடியில் ஏற்கெனவே லூஸ் விட்டிருப்போம். 20 அங்குல இடுப்புக்குப் பாடியின் அடி 22 வந்திருக்கும். அதனால் பாடியை முதலில் தைத்து, பட்டன் போட்டு மூடி, அடியில் தையல் விழப்போகும் கோட்டில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பாவாடைக்கு அந்த எண்தான் வேண்டும்.

நடுத் துளையின் அளவு

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

பாடிக்குத் துணியை நாலாக மடித்து, சுற்றளவில் நாலில் ஒரு பங்கு எடுத்து, தையலுக்கு அரை அங்குலம் கூட்டிப் பழகிய கை அப்படியே அம்பர்லாவுக்கும் வந்துவிடுகிறது. என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், பாடியை அவ்வளவு சுத்தமாக முடித்தவள், 22ஐ நாலால் வகுத்து, நாலாக மடித்த துணியின் மடிப்பு மூலையிலிருந்து 5½ என்று குறித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் வெட்டியும்விட்டாள். விரித்துப் பார்த்தால் துளையின் சுற்றளவு 34½ அங்குலம். குழந்தையின் அம்மாவே போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

மூலையிலிருந்து நாம் குறிப்பது வட்டத்தின் ஆரம். சுற்றளவை 6.28ஆல் வகுத்தால்தான் அது கிடைக்கும். 22க்கு 3½ அங்குலம். அரை வட்டப் பாவாடை என்றால் 3.14ஆல் வகுக்க வேண்டும், அப்போது 7.

சரி, வகுத்தல் சரியாக வந்தவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். 3½ கிடைத்ததும் தையலுக்கு அரை அங்குலம் கூட்டி 4இல் வெட்டுவார்கள். மற்ற எல்லா இடத்திலும் கூட்டுவதுதானே வழக்கம்! இங்கே பாவாடைத் துணி இருப்பது கோட்டுக்கு வெளியே. தையலுக்கான அரை அங்குலம் துளைக்குள் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆகவே கழிக்க வேண்டும்: 3இல் வெட்டி 3½இல் தைக்க வேண்டும். 4இல் வெட்டினால் தையல் 4½இல் விழும், அங்கே சுற்றளவு 28 அங்குலத்தைத் தாண்டிவிடும். ஆரத்தில் அரை அங்குலம் கூடினால் சுற்றளவில் 3 அங்குலத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. போதாக்குறைக்கு, வட்டத்தில் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வரும் இடங்கள் கையாளக் கையாள இழுபட்டு இன்னும் விரியும். அதனால் வெட்டியதுமே தையல் கோட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் சின்னதாக வெட்டுங்கள். ஆரத்தில் கால் அங்குலம் எடுத்தாலே சுற்றளவு ஒன்றரை அங்குலம் கூடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பெரிதாக வெட்டிவிட்டீர்களா? கூடுதலைச் சுருக்கி உள்ளே தள்ளு என்றுதான் பலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. இடுப்பில் மொத்தையாக நிற்கும். பின் நடுவில் துளையிலிருந்து அடிவரை வெட்டி, தையல் கோட்டில் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்துவிடுங்கள். அதன் இரண்டு பக்கமும் வட்டத்தின் மையத்தை நோக்கியே இருக்க வேண்டும், ஆகவே மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வரும். ஜோடுக்கு, அதாவது இணைப்புத் தையலுக்கு, இரு பக்கமும் அரை அரை அங்குலம் துண்டின் உள்பக்கமாக விட்டு வெட்டி, இணையுங்கள். விரிவு கொஞ்சம் குறையும், ஃபிராக் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டு குறிகளை நேர்க்கோட்டில் சேர்ப்பது

மடிப்பின் இரு ஓரத்திலும் ஆரத்தைக் குறித்து நேராகச் சேர்த்தால், விரிக்கும்போது துளை சதுரமாகிவிடும். டேப்பின் நுனியை மூலையில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் புள்ளி வையுங்கள்.

துணி அகலத்தைப் பார்க்காமல் ஆரம்பிப்பது

ஆரம் 3½, நீளம் 15, கீழே மடிக்க ½: கூட்டினால் 19, வட்டத்தின் முழு அகலம் 38. 44 அங்குலத் துணியில் அடங்கும், 36இல் அடங்காது. அடங்காவிட்டால் அரை வட்டமாக்குங்கள், அல்லது ஜோடுக்குத் துணி விட்டு இரண்டு பாதியாக வெட்டுங்கள். பிரிண்ட் ஒரே திசையில் போகிறது என்றால், ஒரே துண்டில் முழு வட்டம் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் நடக்கும் யானை பின்பக்கம் தலைகீழாகத் தொங்கும்.

கீழே 2 அங்குல மடிப்பு

வளைவில் படியாது. கால் அங்குலமாக இரண்டு முறை மடித்தால் போதும். ‘வளர்ந்தால் இறக்கிவிடலாம்’ என்ற ஆசை இருந்தால் நேர்த்துணியில் சுருக்கு வைத்த பாவாடைக்குப் போய்விடுங்கள்.

வெட்டிய அன்றே ஓரம் அடிப்பது

பாடியோடு இணைத்து ஒரு நாளாவது ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கிராஸ் வரும் இடங்கள் இறங்கும். அப்புறம் குழந்தைக்குப் போட்டுவிட்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து ஒரே உயரத்தில் குறித்து வெட்டுங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தொப்பை முன்தள்ளி இருப்பதால் முன் ஓரம் தூக்கிக்கொள்ளும். மேஜையில் சமமாக வெட்டியது உடம்பில் சமமாக நிற்காது. நிற்காமல் ஓடுகிற குழந்தையா? வெட்டும்போதே முன் நடுவில் அரை அங்குலம் நீளம் கூட்டி, பக்கவாட்டை நோக்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

பின் திறப்பைப் பாடியோடு நிறுத்துவது

தலை நுழைந்துவிடும், தோள் மாட்டிக்கொள்ளும். பாவாடைக்குள்ளும் 3, 4 அங்குலம் இறக்குங்கள். மடிப்பு விழுந்த நேர் இழையிலேயே திறப்பு வரட்டும். கிராஸில் வைத்தால் ஜிப் நெளியும்.