கிளிப் போடும் முன் பிள்ளை தூங்குவதைக் கவனியுங்கள்

"பல்லு முன்னால தள்ளிட்டு வருது டாக்டர், கிளிப் போடணும்" என்று ஏழெட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டி வருபவர்களிடம், ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்றுதான் முதலில் கேட்பேன். மூக்கடைப்பு இருக்கும் பிள்ளை வாயால் மூச்சு விடும். வாய் திறந்தே கிடந்தால், அண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டிய நாக்கு கீழே இறங்கிவிடும். நாளடைவில் மேல் தாடை குறுகி, அண்ணம் குழிந்து, பல்லுக்கு இடம் பத்தாமல் போகலாம்.

"நல்லா அசந்து தூங்குறான், அதான் குறட்டை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். சளி இல்லாத நாளிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை வந்தால் போனில் வீடியோ எடுங்கள். போர்வையை விலக்கி, வாயும் நெஞ்சும் சேர்ந்து தெரிய வேண்டும். ஃபேன் சத்தத்தில் மூச்சுச் சத்தம் அமுங்கிவிடாதபடி போனைப் பக்கத்தில் வையுங்கள். விடியற்காலையில் ஒரு முறை எடுப்பது முக்கியம், பிள்ளைகளுக்கு மூச்சுத் தடை அந்த நேரத்தில்தான் அதிகம். குறட்டை சட்டென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, அப்புறம் திணறலோடு மூச்சு வருகிறதா? கழுத்தை அண்ணாந்து படுக்கிறானா? தலையணை வியர்வையில் நனைகிறதா? நின்றுபோன படுக்கை ஈரம் திரும்பவும் வந்தால் அதையும் சொல்லுங்கள்.

அந்த வீடியோவோடு முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ பெருத்திருக்கும். சிலருக்கு மூக்கு ஸ்பிரே போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை வேண்டும். தூங்கும்போது மூச்சு எத்தனை தடவை தடைப்படுகிறது என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தால் தள்ளிப் போடாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தில் ஐந்து தடவைக்குக் கீழே மூச்சுத் தடை இருந்தால் பெரிதாக எடுப்பதில்லை, பிள்ளைகளுக்கு ஒரு தடவையைத் தாண்டினாலே கணக்கு.

என் வேலை அதற்குப் பிறகுதான். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே கடிக்கும் அளவுக்குத் தாடை குறுகியிருந்தால் விரிப்பான் பொருத்துவேன், அதாவது அண்ணத்தில் உட்காரும், சாவியால் திருப்பத் திருப்பத் தாடையை அகலமாக்கும் கருவி. மூக்குப் பாதையும் கொஞ்சம் அகலமாகும். தாடை சரியாக இருக்கும் பிள்ளைக்குக் குறட்டைக்காக மட்டும் இதைப் போட மாட்டேன்.

சாவி திருப்புவது உங்கள் கையில். சாவியில் நீளமாக நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், தவறினாலும் தொண்டைக்குள் போகாது. பிள்ளையைப் படுக்க வைத்து டார்ச் அடித்து, கருவியின் நடுவில் தெரியும் ஓட்டையில் சாவியைச் செருகி, தொண்டைப் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். அடுத்த ஓட்டை முழுசாகத் தெரிந்தால்தான் ஒரு திருப்பு முடிந்தது, கால் மில்லிமீட்டர். பாதியில் நிறுத்தினால் மறுநாள் சாவி நுழையாது. முன்பற்களுக்கு நடுவே சந்து விழும், பயப்படாதீர்கள், எலும்பு விலகுகிறது என்று அர்த்தம். திருப்பி முடித்த பிறகும் புது எலும்பு நிரம்ப ஏறக்குறைய ஆறு மாதம் கருவி வாயிலேயே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் முன்பு எடுத்தது போலவே இன்னொரு வீடியோ எடுங்கள். குறட்டை மிச்சமிருந்தால் மறுபடியும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான் போக வேண்டும். வாயால் மூச்சு விடுவதை நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் பிள்ளையின் வாயில் டேப் மட்டும் ஒட்டாதீர்கள்.