ஒரே லென்ஸ்ல ஊர் சுத்தணுமா? பெரிய நம்பரை விடுங்க, சின்ன நம்பரைப் பாருங்க

ஆல் இன் ஒன் ஸூம் (சூப்பர் ஸூம்னும் சொல்லுவாங்க, அகலமான காட்சியில இருந்து தூரத்துல இருக்கிறது வரைக்கும் ஒரே லென்ஸ்ல எடுக்கிறது) வாங்கப் போறவங்க முதல்ல பாக்கிறது 24-200ன்னு போட்டிருக்கிறதுல கடைசி நம்பரைத்தான், 200ஆ 300ஆ இல்ல 400ஆன்னு. அது எம்எம்ல ஃபோக்கல் லெங்த், நம்பர் சின்னதா இருந்தா அகலமா பாக்கும், பெருசா இருந்தா தூரத்தைக் கிட்ட இழுக்கும். என்னைக் கேட்டா முதல் நம்பர்தான் முக்கியம். தூரம் பத்தலைன்னா வீட்டுக்கு வந்து கிராப் பண்ணிக்கலாம், அகலம் பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க, பின்னாடி சுவர் இருந்தா அவ்ளோதான். ரெண்டு மூணு படம் எடுத்து பனோரமாவா ஒட்டலாம்தான், ஆனா ஆளுங்க நடமாடுற இடத்துல அது சரிப்பட்டு வராது.

கணக்கு போட்டே பாத்துடலாம். 24 மெகாபிக்சல் கேமராவுல 200 எம்எம்ல எடுத்த படத்தை 300ல எடுத்த அளவுக்கு வெட்டினா 10 மெகாபிக்சலுக்கு மேல மிச்சம் இருக்கும், ஏ4 சைஸ்ல தரமா பிரிண்ட் போட 9 கூட வேணாம். அந்தப் பக்கம் 24க்கும் 28க்கும் வெறும் 4 எம்எம் வித்தியாசம்தானேன்னு தோணும், ஆனா மூலைக்கு மூலை அளந்தா 24 பாக்கிறது 84 டிகிரி, 28 பாக்கிறது 75. சின்ன ரூம், குறுகலான தெரு, உயரமான கட்டடம், பத்து பேர் நிக்கிற குரூப் போட்டோன்னு எல்லா இடத்துலயும் அந்த 9 டிகிரி நல்லாவே தெரியும். இன்னொண்ணு, இப்போ வர்ற போன்கள்ல மெயின் கேமரா பெரும்பாலும் 24ல இருந்து 26க்குள்ளதான், அதுல பழகின கண்ணுக்கு 28 கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்.

நான் சொன்னது ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமராவோட கணக்கு. உங்களோடது அதை விட சின்ன சென்சார் இருக்கிற ஏபிஎஸ்-சி கேமராவா இருந்தா 1.5ஆல பெருக்குங்க, கேனான்னா 1.6. அப்போ 18ல ஆரம்பிக்கிற லென்ஸ் 27 இல்ல 29 மாதிரி, 16ல ஆரம்பிக்கிறது 24க்குப் பக்கத்துல. 2025ல சிக்மா 16-300 விட்டப்போ எல்லாரும் 300ஐப் பத்திப் பேசினாங்க, எனக்கு அந்த 16தான் பெரிய விஷயமாப் பட்டது.

உங்களுக்கு எது தேவைன்னு இன்னும் குழப்பமா இருந்தா பழைய படங்களையே கேளுங்க. லைட்ரூம்ங்கிற போட்டோ சாஃப்ட்வேர்ல மெட்டாடேட்டா ஃபில்டர்ல ஃபோக்கல் லெங்த் வாரியா பிரிச்சுக் காட்டும், பிடிச்ச படங்களை மட்டும் வச்சு அதைப் பாருங்க. எல்லாம் 24ல இருந்து 100க்குள்ளயே முடிஞ்சிருந்தா உங்களுக்கு சூப்பர் ஸூமே தேவையில்ல, நிக்கான் 24-120 எஃப் 4 மாதிரி ஒண்ணு போதும். பறவை, ஸ்போர்ட்ஸ், மேடை நிகழ்ச்சின்னு 200லயே முட்டிக்கிட்டு நிக்குதுன்னா மட்டும் 300, 400 வரைக்கும் போறதை யோசிங்க.

இப்போ வெளிச்சம். இந்த வகை லென்ஸ்ல நிஜமான விலை இங்கதான் இருக்கு. லென்ஸ் எவ்ளோ வெளிச்சம் உள்ள விடும்னு சொல்றது எஃப் நம்பர், அது பெருசாக ஆக வெளிச்சம் குறையும். 3.5-6.3ன்னு போட்டிருந்தா 3.5 கிடைக்கிறது அகலமான முனையில மட்டும்தான், கொஞ்சம் திருப்பினாலே 5, 5.6ன்னு இறங்கிடும், எந்த இடத்துல எவ்ளோ இறங்குதுன்னு நல்ல ரிவ்யூல டேபிளாவே போட்டிருப்பாங்க, அதைப் பாக்காம வாங்காதீங்க. நிக்கான் 28-400 கடைசியில எஃப் 8க்கு வந்துடும், எஃப் 4ஓட ஒப்பிட்டா அது கால்வாசி வெளிச்சம், அதாவது சாயங்காலம் ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்போ படத்தைப் பிரகாசமாக்க ஏத்துறது, ஏத்த ஏத்த புள்ளி புள்ளியா வரும்) 1600ல முடிய வேண்டியது 6400க்குப் போகும். ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு சொல்லுவாங்க. அது உங்க கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஓடுற குழந்தையை நிறுத்தாது. அதனால கூட ஒரு 35 இல்ல 50 எஃப் 1.8 பிரைம் (ஸூம் ஆகாத லென்ஸ்) பையில போட்டுக்கோங்க, சின்னதுதான், 6.3ஐ விட பன்னண்டு மடங்கு வெளிச்சம் உள்ள விடும், ராத்திரிக்கும் வீட்டுக்குள்ளயும் அது போதும்.

ஸ்டெபிலைசேஷன்ல இன்னொரு சமாச்சாரம். சோனிக்கு வர்ற டாம்ரான் 28-200 ரொம்ப நல்ல லென்ஸ், 28ல எஃப் 2.8 வேற, ஆனா லென்ஸுக்குள்ள ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கேமரா பாடியில இருந்தா கவலையில்ல, ஏ6400 மாதிரி பாடியிலயும் இல்லாத ஏபிஎஸ்-சி கேமரான்னா 200ஐ 1.5ஆல பெருக்கி, ஷட்டர் வேகம் 1/300 செகண்டை விட மெதுவாப் போகாம பாத்துக்கணும்.

எடை விஷயத்துல யாரும் உங்களை ஏமாத்த வேணாம், நீங்களே ஏமாந்துடுவீங்க. கடையில அஞ்சு நிமிஷம் பிடிக்கிறது வேற, நாள் பூரா கழுத்துல தொங்கறது வேற. ஃபுல் ஃப்ரேம்ல நிக்கான் 24-200 570 கிராம், டாம்ரான் 28-200 575, கேனான் 24-240 750, சோனி 24-240 780. ஏபிஎஸ்-சில கேனான் 18-150 310 கிராம், நிக்கான் 18-140 315, சோனி 18-135 325, ஆனா டாம்ரான் 18-300க்குப் போனா 620. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! தினமும் வெளிய எடுத்துட்டுப் போறதுக்குன்னா நான் அந்த 300 சொச்சம் கிராம் லென்ஸைத்தான் எடுப்பேன்.

கிட்ட வச்சு எடுக்கிற தூரத்தையும் பாருங்க, பூ, சாப்பாடு எல்லாம் எடுப்பீங்கல்ல. டாம்ரான் 18-300க்கு 18 முனையில 15 செ.மீ.ன்னு போட்டிருக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த தூரம் சென்சார்ல இருந்து அளக்கிறது, லென்ஸே 12 செ.மீ.க்கு மேல நீளம், அதனால பொருள் கண்ணாடியில முட்டற மாதிரி நிக்கும், லென்ஸோட நிழலே அது மேல விழும். டெலி முனையில, அதாவது பெரிய நம்பர் பக்கம், எவ்ளோ கிட்ட போகலாம்ங்கிறதுதான் உபயோகமான நம்பர்.

மூலையில வளையுது, கறுப்பா இருக்குன்னு ரிவ்யூல படிச்சு பயந்துடாதீங்க. கேனான் 24-240ஓட ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாம சேமிக்கிறது) கரெக்ஷன் இல்லாம திறந்தா 24ல மூலை கறுத்துத்தான் இருக்கும், கேமரா ஜேபெக்ல தானே சரி பண்ணிடும், லைட்ரூமும் பண்ணிடும்.

வாங்கின உடனே, திருப்பிக் குடுக்கிற நாள் தாண்டுறதுக்குள்ள, ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. தூரத்துல வரிசையா கட்டடம் இருக்கிற இடத்தை டிரைபாட்ல வச்சு, எஃப் 8ல, அகல முனை, நடு, டெலி முனைன்னு மூணு படம். ஒவ்வொண்ணுலயும் நாலு மூலையையும் பெருசு பண்ணிப் பாருங்க. நாலும் கொஞ்சம் மங்கலா இருந்தா அது லென்ஸோட குணம், ஒரு மூலை மட்டும் நல்லாத் தெரியற அளவுக்கு மங்கினா உள்ள கண்ணாடி சரியா உக்காரலை, மாத்திடுங்க.

செகண்ட் ஹேண்ட்னா இன்னும் கொஞ்சம் வேலை. ஸூம் ரிங்கை முழுசா ரெண்டு தடவை திருப்பி எங்கயாவது சிக்குதான்னு பாருங்க, லென்ஸைக் கீழ நோக்கிப் பிடிச்சு தானா நீளுதான்னு பாருங்க, சிலதுல அதுக்கு லாக் இருக்கும், அது வேலை செய்யுதான்னும். அப்புறம் பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு உள்ள நூல் நூலா ஃபங்கஸ் இருக்கான்னு பாருங்க. ரெண்டு தூசி இருந்தா பரவாயில்ல, நீண்டு சுருங்குற லென்ஸ் காத்தை இழுக்கத்தான் செய்யும், படத்துல தெரியாது. ஃபங்கஸ்னா மட்டும் விலை எவ்ளோ குறைச்சாலும் வேணாம்.