காச்சோ எ பேப்பே: சீஸ் திரளாமல் செய்வது எப்படி

ஸ்பகெட்டி, பெக்கொரினோ சீஸ், மிளகு. ரோம் நகரத்துப் பாஸ்தாவான காச்சோ எ பேப்பே என்பது இவ்வளவுதான். ரோமுக்குக் குடிவந்த புதிதில், வேலை முடிந்து வந்து செய்ய இதைவிடச் சுலபமான ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று நம்பி இறங்கினேன். வரிசையாக நான்கு தடவை சொதப்பியது. ஐந்தாவது தடவை நன்றாக வந்தது, ஆனால் ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஆறாவது தடவை மறுபடியும் சொதப்பல். இப்போது தவறாமல் வருகிறது என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கு ஸ்பகெட்டி 200 கிராம், பெக்கொரினோ ரோமானோ 120 கிராம், முழு மிளகு இரண்டு டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் 3 கிராம். கடைசிப் பொருளைப் பார்த்ததும் ரோமாக்காரர்கள் யாராவது இருந்தால் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன். பாஸ்தா வேகவைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மிளகு. எண்ணெய் விடாமல் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் வரும் மிளகுத்தூள் வேண்டாம். அது காரத்தை மட்டும் தரும், வாசனை வராது. திருகி அரைக்கும் மிளகு மில்லும் எனக்குப் பிடிக்காது. உள்ளங்கை அளவு கல் உரல் ஒன்று போதும்.

அடுத்தது சீஸ். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துளைகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது, பஞ்சு போல விழ வேண்டும். துருவி வைத்த பாக்கெட் சீஸ் காய்ந்துபோய் மணல் மாதிரி கரையாமல் நிற்கும். பெக்கொரினோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ், நல்ல உப்பு. அதனால் பாஸ்தா தண்ணீரில் வழக்கமாகப் போடும் உப்பில் பாதி போதும். (பெயர்தான் ரோமானோ, பெரும்பகுதி தயாராவது சார்டீனியா தீவில்.) சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதற்குப் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். 

இனி என்னை ஒரு வருடம் அலைக்கழித்த இடம்.

என் முதல் முயற்சி இப்படிப் போனது. வெந்த ஸ்பகெட்டியை வாணலியில் போட்டேன், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, துருவிய சீஸை மேலே கொட்டிக் கிளறினேன். பத்து வினாடி அழகாகத்தான் இருந்தது. அப்புறம் சீஸ் முழுக்க ஒன்றுசேர்ந்து இடுக்கியில் சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது. வாணலியின் அடியில் மங்கலான தண்ணீர் தனியாக நின்றது. பால் திரிந்த மாதிரிதான். உண்மையில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்: சுமார் 65 டிகிரியைத் தாண்டினால் சீஸில் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அவற்றைப் பிரித்து வைக்க நடுவில் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, வேண்டும்.

அந்த ஸ்டார்ச் பாஸ்தா வெந்த தண்ணீரிலிருந்து வரும் என்பது பரம்பரைக் கணக்கு. ஹோட்டலில் ஒரே தண்ணீரில் அடுத்தடுத்து பாஸ்தா வேகும், தண்ணீர் வடிகஞ்சி மாதிரி இருக்கும். வீட்டில் நாம் பாக்கெட்டில் போட்டபடி பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து 200 கிராமைப் போடுகிறோம். அதில் ஸ்டார்ச் எங்கே இருக்கும்?

2025-ல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் அதே வருடம் அவர்களுக்குக் கிடைத்தது. சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஸ்டார்ச் இருந்தால் திரளாது, 1 சதவீதத்துக்குக் கீழே போனால் திரளும் என்பது அவர்கள் கண்டது. திரண்ட நிலைக்கு, நூலாக இழுபடும் மொஸரெல்லா சீஸின் பெயரில், 'மொஸரெல்லா நிலை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் வாணலியைப் பார்த்துவிட்டு வைத்த பெயரோ என்னவோ.

ஆக, 120 கிராம் சீஸுக்கு 3 கிராம் கார்ன்ஃப்ளார், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். 30 மில்லி தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிண்டுங்கள். ஒரு நிமிடத்தில் கண்ணாடி மாதிரி கெட்டியாகும். இறக்கி 60 மில்லி குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். சூடாகவே சீஸில் ஊற்றினால் பழைய கதைதான். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது சீஸைச் சேர்த்து, மிக்ஸியின் சட்னி ஜாரில் விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். இட்லி மாவு பதம் வரும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் அதுதான் வசதி, ஜார் கழுவும் வேலை மிச்சம்.

ஸ்பகெட்டியைப் பாக்கெட் சொல்வதற்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து வடிகட்டுங்கள், ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு. அடுப்பை அணைத்த வாணலியில் போட்டு முப்பது வினாடி சும்மா விடுங்கள். பிறகு சாஸ், மிளகு, கிளறல். இறுகினால் எடுத்து வைத்த தண்ணீரில் கொஞ்சம்.

இப்போது கோபத்துக்கு வருவோம். கீழ் வீட்டில் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். "மாவு போட்டாயா? காச்சோ எ பேப்பேயிலா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு ஒரு வாரம் படிக்கட்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி அவர் வீட்டுக்குப் போனால் என்ன வெந்துகொண்டிருக்கும் தெரியுமா? டப்பாக் கொண்டைக்கடலையில் உடைத்துப் போட்ட மிச்சம் மீதி பாஸ்தா. நான்கு பாக்கெட்டின் அடியில் கிடந்த துண்டுகள். அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது, பெயர் பெற்ற ஐட்டங்களுக்கு மட்டும்தான் சட்டம். அதே 2025-ல் ஒரு பிரிட்டிஷ் சமையல் தளம் இதில் வெண்ணெயும் பார்மெசான் சீஸும் சேர்த்துப் போட்டதற்கு ரோம் உணவகங்களின் சங்கம் பிரிட்டிஷ் தூதர் வரைக்கும் எழுதியது.

வெண்ணெய் விஷயத்தில் நான் ரோமாக்காரர்கள் பக்கம். ருசி கெடாது, ஆனால் மிளகு அமுங்கிப்போகும். மாவு விஷயத்தில் அவர்கள் பக்கம் இல்லை. பாஸ்தாத் தண்ணீரில் இருப்பதும் ஸ்டார்ச்தானே? நாற்பது வருடம் கிளறிய கைக்கு அளவு தானாக வரும். எனக்கு டீஸ்பூன் வேண்டும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகி மஞ்சள் மக்காச்சோள மாவைப் போட்டுவிட்டு, களி மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். என் தப்பு, தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளையாக, பவுடர் மாதிரி நைசாக இருக்கும் கார்ன்ஃப்ளார்தான் வேண்டும். இத்தாலியில் இருப்பவர்கள் 'அமீதோ தி மாயிஸ்' என்று பார்த்து வாங்குங்கள். 'ஃபரீனா தி மாயிஸ்' என்பது பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களி கிண்டுகிற மாவு.

இன்னொன்று: வாணலியும் ஜாரும் கழுவ முடியவில்லை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வெந்நீர் விட்டிருப்பீர்கள். ஒட்டியிருக்கிற சீஸ் அங்கேயும் திரண்டு ஸ்கிரப்பரில் நூல் நூலாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.