ஒதுக்கீட்டைச் செலவென்று வாசிக்காதீர்கள்

நெல்லை மாவட்டத்தில் மானூர், களக்காடு, நாங்குநேரி பக்கத்து இளைஞர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பள்ளிக்கூடக் கணக்கையும் ஆரம்ப சுகாதார நிலையக் கணக்கையும் கேட்டுப் பார்க்கத் தொடங்கினால் மனசு நிறைகிறது. ஆனால் பழைய ஆட்கள் சறுக்கிய அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். கோர்ட்டு வில்லை ஒட்ட மறந்தது, தேதி விட்டுப்போனது எல்லாம் ஒரு மனு திரும்பி வந்தால் தானே சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

ஒதுக்கீடு வேறு, செலவு வேறு

ஒப்புதல் (இதுதான் ஒதுக்கீடு), விடுவிப்பு (பணத்தை அனுப்புவது), செலவு, பயன்பாட்டுச் சான்றிதழ் (செலவழித்ததற்கான சான்று) என்று பணத்துக்கு நாலு படி உண்டு. முதல் படித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கிராம சபையில் மைக்கைப் பிடித்து, "அம்பதாயிரம் வந்திருக்குல்லா, எங்க போச்சு டீச்சர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு விதிப்படி ஆண்டு மானியம் 50,000 ரூபாய். ஆனால் விதியில் இருப்பதெல்லாம் கைக்கு வந்துவிடாது. இந்த மானியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25இல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் அந்த நிதியாண்டுக்குள் வரவே இல்லை.

அடுத்து பாஸ்புக்கைக் கேட்பார்கள். அதில் இருப்பு பூஜ்யம். உடனே "முழுங்கியாச்சு" என்று பேச்சு கிளம்பிவிடும். மத்திய திட்டப் பணத்தை மாநில அளவில் ஒரே கணக்கில் வைக்கும் முறை 2021 ஜூலையில் வந்தது. அந்த முறையில் பள்ளிக்குக் கொடுப்பது பூஜ்ய இருப்புக் கணக்கும், இவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பும் மட்டுமே. ஆகவே பூஜ்யத்தைப் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஊர்க்கூட்டத்தில் அவமானப்பட்ட தலைமை ஆசிரியர் அதன்பிறகு எந்தப் பதிவேட்டையும் கண்ணில் காட்டமாட்டார். உண்மையான தவறு இருந்தாலும் அதோடு புதைந்துபோகும்.

கேட்க வேண்டியவை இவை: குறிப்பிட்ட நிதியாண்டின் விடுவிப்பு ஆணை, ரொக்கப் பதிவேடு, வவுச்சர் (செலவுச் சீட்டு), இருப்புப் பதிவேடு (வாங்கிய பொருள்களை ஏற்றும் பதிவேடு), பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வவுச்சரில் 12 டியூப்லைட் என்றால் இருப்புப் பதிவேட்டிலும் 12 ஏறியிருக்க வேண்டும். வகுப்பறையில் அண்ணாந்து எண்ணினாலும் 12 வர வேண்டும். தீர்மானத் தேதி பில் தேதிக்குப் பிந்தியிருந்தால் அங்கே நிறுத்திக் கேளுங்கள். மார்ச் கடைசியில் பில் குவிவது மட்டும் குற்றமாகாது, பணம் தாமதமாக வந்தாலும் அப்படித்தான் குவியும்.

மனுவில் "ஏன்" என்று கேட்பது

தகவல் சட்டம் ஆவணம் தரும், விளக்கம் தராது.

பதில் வராவிட்டால் புது மனு போடுவது

30 நாள் தாண்டினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கெடு தாண்டி வரும் நகலுக்குக் கட்டணம் கிடையாது. நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை.

நோயாளிச் சீட்டைப் படம் எடுப்பது

கூடவே கூடாது. மருந்து இருப்புப் பதிவேடு போதும்.

கூட்ட நேரம்

மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். இங்கே பலர் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால், கணக்கு வாசிக்கும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எந்த நேரம் தோது என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.