தூர எறிதல் போட்டிக்கு முதல் தூண்டில் ராடு: எப்படிப் பார்த்து வாங்குவது?

எண்ணூர் விரைவுச் சாலை ஓரம், கல் கொட்டி வைத்திருக்கிற கடற்கரைப் பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பதினாலு அடி தூண்டில் ராடை வைத்துக்கொண்டு எறிகிற பல பேருக்கு, நுனியில் கட்டிய ஈயக் குண்டு போய் விழுவது எட்டு அடி ராடுக்காரர் எறிகிற இடத்தில்தான். ராடு மேல் குற்றமில்லை. அது வளையவே இல்லை, அவ்வளவுதான். வளைந்த ராடு நிமிரும்போதுதான் ஈயத்துக்கு வேகம் வருகிறது. வளைக்க முடியாத ராடு வெறும் கம்பு. அதனால் ஈயத்தை யார் அதிக தூரம் எறிகிறார் என்று பார்க்கும் போட்டிக்கு எறிந்து பழகணும் என்று நினைப்பவர்கள் கடையில் இருப்பதிலேயே முரட்டு ராடு எது என்று கேட்காமல், நம் உடம்பால் அடிவரைக்கும் வளைக்க முடிகிற ராடு எது என்று தேடணும்.

படி 1: ஈயத்தின் எடையை முதலில் முடிவு செய்யுங்கள்

மீன் பிடிப்பில் கடலின் இழுப்பைப் பார்த்து ஈயம் மாற்றுவோம். போட்டியில் அப்படி இல்லை. திறந்த மைதானத்தில், இரை எதுவும் இல்லாமல், வெறும் ஈயத்தை எறிவார்கள். நின்ற இடத்திலிருந்து விரிந்துகொண்டே போகும் இரண்டு கோடுகளுக்குள் விழுந்தால்தான் அளப்பார்கள், வெளியே விழுந்தால் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கணக்கில் வராது. சர்வதேசப் போட்டிகளில் வழக்கமான எடைகள் 100, 125, 150, 175 கிராம். எடைக்கு ஏற்ற மாதிரி நரம்பின், அதாவது தூண்டில் கயிற்றின், குறைந்தபட்சத் தடிமனும் உண்டு: 175க்கு 0.35 மி.மீ., 150க்கு 0.31, 125க்கு 0.28, 100க்கு 0.25.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு 125. நூறு கிராம் லேசு என்று தோன்றும், ஆனால் அதைக் கொண்டு ராடை வளைக்கக் கை நல்ல வேகமாகப் போகணும். 175 உடம்பை முறித்துவிடும். 125இல் ராடு வளைவது கைக்கே தெரியும்.

படி 2: ராடில் எழுதியிருப்பதைப் படியுங்கள், ஆனால் முழுசாக நம்பாதீர்கள்

கைப்பிடிக்கு மேலே '100–250 கிராம்' என்று போட்டிருக்கும். அந்த 250 பெரும்பாலும் தலைக்கு மேலே கொண்டுவந்து மெதுவாக எறிவதற்கான கணக்கு. ஈயத்தைப் பின்னால் தரையில் கிடத்தி, உடம்பைத் திருப்பி இழுத்து எறியும்போதும், ஊஞ்சல் மாதிரி ஆட்டி எறிகிற பெண்டுலம் முறையிலும், அதே ஈயம் ராடை இன்னும் அதிகமாக வளைக்கும். 125 கிராம் எறியப்போகிறீர்கள் என்றால் அந்த எண் நடுவில் வருகிற ராடாகப் பாருங்கள், 100–150 அல்லது 100–200. '200–300' என்று போட்டதை விலை குறைத்துக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கார்பன்தான் வேண்டும். கண்ணாடி இழை ராடு பாறையில் இடித்தாலும் தாங்கும், காசிமேட்டில் படகில் வைத்துக்கொள்ள அருமையானது, ஆனால் கனம், நிமிர்வதும் மெதுவாக. ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டுகிற டெலஸ்கோப்பிக் ராடு இந்த வேலைக்கு ஆகாது.

படி 3: நீளம்

12 அடியிலிருந்து 13 அடிக்குள் நிறுத்துங்கள். உயரமானவர், தோளில் பலம் இருக்கிறது என்றால் 13. நீளம் கூடினால் நுனியின் வேகம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நீளத்தை அதே வேகத்தில் சுற்ற முடிந்தால்தானே! இன்னொரு நடைமுறைச் சிக்கல்: இரண்டு துண்டு 13 அடி ராடில் ஒவ்வொரு துண்டும் ஆறரை அடி, ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள். மூன்று துண்டாக வருவதைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகலாம்.

படி 4: கடையிலேயே வளைத்துப் பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ராடை முழுசாக மாட்டச் சொல்லுங்கள். நரம்பு போகிற நுனி வளையத்துக்குக் கீழே ஒரு துணியைச் சுற்றி, கூட வந்தவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடிக் கைப்பிடியை நீங்கள் பிடித்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். செங்குத்தாகத் தூக்கி இழுக்காதீர்கள், நுனி முறிந்தால் பணம் உங்கள் தலையில். முதலில் நுனி வளையும், அப்புறம் நடு. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் ரீல் மாட்டும் இடம் வரை வளைவு இறங்குவது உள்ளங்கையில் தெரியணும். நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைந்து கீழே அசையவே இல்லை என்றால் அது உங்களுக்கு முரடு. லேசாக இழுத்ததுமே அடிவரை தொங்கிவிட்டால் மென்மை, பெண்டுலத்துக்குப் போகும்போது தாங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுங்கள். சந்தேகம் வந்தால் மென்மைப் பக்கம் சாய்வது நல்லது.

படி 5: ரீலும் வளையங்களும்

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுருள் சுருளாக அகன்று வெளியே வரும், அதனால் அந்த ராடில் வளையங்கள் குறைவு, முதல் வளையம் பெரிது. மல்டிபிளையரில் உருளையே சுழன்று நரம்பு நேராக வரும், வளையங்கள் சிறிதாக, எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். ஒன்றுக்கான ராடில் இன்னொன்றை மாட்டினால் தூரம் போச்சு. போட்டிகளில் மல்டிபிளையருக்குத்தான் மவுசு, ஆனால் கட்டைவிரல் பழகும்வரை உருளை மிஞ்சிச் சுழன்று நரம்பு சிக்கிக்கொண்டே இருக்கும், பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். ஆரம்பத்துக்கு ஸ்பின்னிங்.

ரீல் மாட்டும் இடத்துக்கு எளிய அளவு: ராடின் அடியை அக்குளில் வைத்து, கையை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை விழுகிற இடத்தில் ரீல் இருக்கணும். ஒரு சாண் தள்ளி இருந்தால் எறியும்போது முழங்கை மடங்கி இழுப்பு வீணாகும்.

பழைய ராடு வாங்கினால்

வளையங்களின் உள்பக்கத்தில் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுற்றுங்கள். இழை சிக்கினால் பீங்கானில் விரிசல் இருக்கிறது, நரம்பை அறுக்கும். இணைப்பை மாட்டி லேசாக ஆட்டும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் வேண்டாம். நம் பக்கத்து உப்புக் காற்றில் வளையக் கால்களுக்கு அடியில் துரு ஏறியிருக்கும், அதையும் நகத்தால் கீறிப் பாருங்கள்.

முதல் எறிதலுக்கு முன்

நரம்பின் நுனியில் ஷாக் லீடர், அதாவது எறியும் இழுப்பைத் தாங்கும் தடித்த நரம்பு, கட்டாமல் எறியவே கூடாது. ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, பத்து பவுண்டு தாங்கும் நரம்பு என்பது பழைய கணக்கு. 125 கிராமுக்கு ஐம்பது பவுண்டு போடுங்கள். நீளம் ரீலில் ஆறேழு சுற்று இருக்கிற மாதிரி விடணும். மெல்லிய நரம்பு பாதியில் அறுந்தால் அந்த ஈயம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

கல் சுவர் மேல் நின்றோ, திருவொற்றியூர்ப் பக்கம் கடலுக்குள் நீட்டியிருக்கிற கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளில் நின்றோ இதைப் பழக முடியாது. பின்னால் ஈயத்தைக் கிடத்த இடமும் இல்லை, கால் திருப்ப வழியும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய மைதானம் வேண்டும், முன்னால் முந்நூறு மீட்டராவது காலியாக. பக்கவாட்டிலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும், வெயில் காலத்தில் விடிகாலையில் போனால் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து லேசாக வரும், கிழக்கு பார்த்து எறியலாம்.

அப்புறம், தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கார்பனில் மின்சாரம் பாயும். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிற உயரழுத்தக் கம்பிகள் இல்லாத மைதானம் கிடைப்பதே பாடு. கம்பி கண்ணில் பட்டால் ராடைப் பையிலிருந்து எடுக்காமலே வேறு இடம் பாருங்கள், தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். இடி மழை நேரத்துக்கும் இதேதான்.

முதல் வாரங்களில் பெண்டுலம் பக்கமே போக வேண்டாம். தலைக்கு மேல் எறிந்து நேராக விழப் பழகிய பிறகு தரையில் கிடத்தி எறியும் முறை, அதில் ராடு அடிவரை வளைய ஆரம்பித்ததும் 150 கிராமை எடுங்கள்.