மூடுபனி சிக்னல திங்குதா? டெக் வாக்குவாதம் பண்றது எப்படின்னு ஆரம்பத்துல இருந்து

ஹட்டன் டவுன்ல போன் திருத்துற கடையில பத்து வருஷத்துக்கு மேல வேலை. கடை வாசல்ல ஒரு பெஞ்ச் கிடக்கு, மஸ்கெலியா பஸ்ஸுக்கும் பொகவந்தலாவ பஸ்ஸுக்கும் நிக்கிறவங்க அதுல உக்காந்துதான் பேசுவாங்க, பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில ஆண்ட்ராய்டா ஐபோனா, எந்த சிம் நல்லம், எந்த நடிகர் படம் கூட ஓடுச்சுன்னு அங்கதான் வந்து நிக்கும். எனக்கு அந்த பேச்சு ரொம்ப பிடிக்கும். ஆனா ஒண்ணு மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஏ.எல். படிக்கிற பிள்ளைங்க சரியான விஷயம் தெரிஞ்சும் வாய தொறக்காம இருக்கும், கொழும்புல வேலை செய்ற யாராவது ஒரு அண்ணன் வந்து சத்தமா ஒண்ண சொல்லிட்டா அதோட பேச்சு முடிஞ்சிரும். சத்தம் கூட இருக்கிறவர் ஜெயிக்கிறாரு, அவ்வளவுதான். அந்த பிள்ளைங்களுக்காகத்தான் இத எழுதுறேன். வாக்குவாதம் பண்றது ஒரு வேலை, கத்துக்கிட்டா யாருக்கும் வரும்.

போன வருஷம் எங்க பெஞ்ச்ல நடந்த ஒரு வாக்குவாதத்தையே உதாரணமா எடுத்துக்கிறேன். டீ பேக்டரில எலக்ட்ரிசியனா இருக்கிற ஒரு அண்ணே சொன்னாரு, மூடுபனி எறங்குனா போன் சிக்னல் போயிரும்னு. தோட்டத்துல இருந்து வர்ற ஒரு தங்கச்சி, டெக்னாலஜி பாடம் செய்ற பிள்ளை, "இல்ல அண்ணே, மூடுபனிக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னுச்சு. "ஏம்மா, இருவது வருஷமா இந்த மலையில இருக்கேன், நேத்து பொறந்த நீ எனக்கு சொல்றியா"ன்னு அவரு கேட்டாரு. பிள்ளை தலைய குனிஞ்சிருச்சு. அங்க இருந்து ஆரம்பிப்போம்.

படி 1: சண்டைய ஒரே வரில எழுதுங்க

மெய்யாவே எழுதணும், மனசுல வச்சிக்கிட்டா பத்தாது. ஒரு துண்டு பேப்பர் போதும். நான் அன்னைக்கு ஒரு கொப்பி முதல் பக்கத்துல எழுதுனேன்: "மூடுபனி இருக்கிற நேரத்துல சிக்னல் குறையும்." ரெண்டு பேரும் அத வாசிச்சு, இததான் பேசுறோமான்னு ஒத்துக்கணும். பாதி சண்டை இந்த இடத்துலயே முடிஞ்சிரும், ஏன்னா ஒருத்தர் ஒண்ண சொல்லிட்டு இருப்பாரு, மத்தவரு வேற ஒண்ணுக்கு பதில் சொல்லிட்டு இருப்பாரு, ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அப்பிடியே ஓடியிருப்பாங்க.

படி 2: அந்த வரில இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் புடிச்சு கேளுங்க

"சிக்னல்"னா என்ன? மேல தெரியுற கோடா, நெட் ஸ்பீடா, கோல் கட்டாகுறதா? மூணும் மூணு விஷயம். கோடு அஞ்சும் நிறைஞ்சிருக்கும், ஆனா ராத்திரி எட்டு மணிக்கு லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, எல்லாரும் ஒரே டவர்ல வீடியோ பாக்குறதால நெட் நகராது. கோட்ட நம்பவும் ஏலாது, எத்தனை கோடு காட்டுறதுன்னு ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத்தான் வச்சிருக்கு, ஒரே இடத்துல ஒரு போன்ல மூணு கோடும் இன்னொரு போன்ல ரெண்டு கோடும் காட்டும்.

சினிமா பேச்சுலயும் இதே கதைதான். படம் இவ்வளவு கோடி வசூல்னு ஒருத்தர் சொல்றாரு, இல்ல அதுல பாதிதான்னு மத்தவரு. ரெண்டு பேரும் சரியா இருக்கலாம். ஒருத்தர் சொல்றது டிக்கெட் வித்த மொத்த காசு, அதாவது கிராஸ். வரிய கழிச்சா நெட். தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வர்றது ஷேர். அதோட இந்தியா ரூபாயா நம்ம ரூபாயான்னும் கேட்கணும், நம்ம ஆளுங்க அத கேட்காமலே மணிக்கணக்கா மல்லுக்கட்டுவாங்க.

இன்னொண்ணு, பாமினி, பழைய தமிழ் ஃபான்ட் ஒண்ணு. "பாமினில அடிச்சாலும் தமிழ்தானே, எதுக்கு யூனிகோட்"னு இன்னமும் கேக்குறாங்க. யூனிகோட்னா எல்லா போனும் வாசிக்கிற பொது எழுத்து முறை. கண்ணுக்கு தெரியுறது தமிழ்தான். ஆனா உள்ளுக்க சேமிச்சிருக்கிறது இங்கிலீஷ் எழுத்து. பாமினில "தமிழ்"னு அடிச்சத எடுத்து பாமினி ஃபான்ட் இல்லாத போன்ல ஒட்டி பாருங்க, ஜே கே பி ஓன்னு நாலு எழுத்தும் ஒரு செமிகோலனும் வந்து நிக்கும். அஞ்சு செக்கன்ல முடியுற சோதனை இது. "தமிழ்"ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு கேட்ட உடனே இந்த சண்டை தீந்துரும்.

படி 3: சோதிக்க முடியுமா, ருசியா?

இத முதல்லயே பிரிச்சிருங்க. எம்.ஜி.ஆர். எங்க பொறந்தாருங்கிறது சோதிக்கலாம், 1917 ஜனவரி 17, நாவலப்பிட்டி, நம்ம மண்ணு. எம்.ஜி.ஆர். நல்லா நடிப்பாரா சிவாஜி நல்லா நடிப்பாராங்கிறது ருசி. ருசிய பத்தி பேசவே கூடாதுன்னு இல்ல, நான் அதத்தான் கூட பேசுவேன். ஆனா அங்க ஆதாரம் கேட்டு சண்டை பிடிக்கக்கூடாது, எந்த காட்சி, எந்த எடத்துல அவரு கண்ண திருப்புனது ஒனக்கு பிடிச்சதுன்னு கேட்கணும். இளையராஜாவா ரஹ்மானான்னு கேட்டா பதில் சொல்லாதீங்க, எந்த பாட்டு, அதுல எந்த இடம்னு திருப்பி கேளுங்க. நல்ல பேச்சு அப்பதான் வரும்.

படி 4: எத காட்டுனா நீங்க மாறுவீங்கன்னு முன்கூட்டியே சொல்லுங்க

எல்லா படியிலயும் இதுதான் கஷ்டம், இதுதான் முக்கியமும். தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கிறவங்க இந்த இடத்துல மாட்டிக்குவாங்க. அன்னைக்கு நான் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். அண்ணே கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு சொன்னாரு, "மூடுபனி நேரமும் மத்த நேரமும் ஒரே அளவு வந்தா நான் ஒத்துக்கிறேன்". தங்கச்சி சொன்னுச்சு, "மூடுபனில போன் காட்டுற சிக்னல் எண் பத்துக்கு மேல குறைஞ்சா நான் ஒத்துக்கிறேன்". அத கொப்பில அப்பிடியே எழுதுனோம், திகதி போட்டு. சோதனை முடிஞ்ச பிறகு கேட்டா யாரும் நேர்மையா சொல்ல மாட்டாங்க, ஏதாவது ஒரு சாட்டு வந்துரும்.

படி 5: அளங்க

இது கொஞ்சம் நீளம், ஆனா போன் இருந்தா போதும்.

ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போங்க, அடியில "அபவுட் போன்", அதுக்குள்ள "ஸ்டேட்டஸ்" இல்லாட்டி "சிம் ஸ்டேட்டஸ்", அதுல "சிக்னல் ஸ்ட்ரெங்த்"னு ஒரு எண் இருக்கும், பக்கத்துல டிபிஎம்னு போட்டிருக்கும், அது சிக்னல் சக்திய அளக்கிற அலகு. போனுக்கு போன் இடம் கொஞ்சம் மாறும், தேடுனா கிடைக்கும். ஐபோன்னா *3001#12345#* அடிச்சு கோல் பட்டன அழுத்துங்க, ஒரு பக்கம் தொறக்கும்.

அந்த எண் மைனஸ்ல வரும், அதுல நிறைய பேர் குழம்புவாங்க. -85 நல்லது, -110 மோசம். பூச்சியத்துக்கு கிட்ட வர வர நல்லம்னு வச்சிக்கோங்க. பத்து குறைஞ்சா வர்ற சக்தி பத்துல ஒரு பங்கு ஆயிருச்சுன்னு அர்த்தம், இருவது குறைஞ்சா நூத்துல ஒரு பங்கு. அதனால -97க்கும் -98க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த பெருசா எடுக்காதீங்க, கைய அசைச்சாலே அவ்வளவு மாறும்.

கவனிக்க வேண்டியது: ஒரே போன், ஒரே சிம், ஒரே இடம். தங்கச்சி லயத்து வாசல்ல தண்ணி பீலிக்கு பக்கத்துல இருக்கிற கல்லுக்கு மேல போன வைக்கும், கையில பிடிக்காது, ஏன்னா கையே சிக்னல மறைக்கும். 4ஜி எண்ணையும் 2ஜி எண்ணையும் கலந்து பாக்கக்கூடாது, ரெண்டுக்கும் அளக்கிற முறை வேற. காலையில ஆறு மணி, பகல், ராத்திரி எட்டு மணி, மூணு நேரமும் எடுக்கணும். பக்கத்துல மூடுபனி இருக்கா இல்லையா, மழையா, கரண்ட் இருக்கான்னும் எழுதணும். அந்த கடைசி கட்டம் சும்மா போட்டதுதான், பிறகு அதுதான் பெரிய உதவியாச்சு.

பத்து நாள் எழுதுச்சு பிள்ளை. மூடுபனி இல்லாத காலையில -97, -99, -96. எதிர்ல இருக்கிற தேயிலை மலையே தெரியாத அளவுக்கு மூடுபனி எறங்குன காலையில -98, -96, -97. வித்தியாசமே இல்ல. ஆனா ஏழாவது நாள் ஒரு மழை, பின்னேரம் கரண்ட் போச்சு, முதல்ல எண் மாறவே இல்ல, ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா சிக்னலே இல்ல, முழுசா போயிருச்சு. கரண்ட் வந்த பிறகு திரும்ப -97.

படி 6: காரணத்த தேடுங்க, ஆள தேடாதீங்க

போன் சிக்னல் போற அலைவரிசை 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ்னு அந்த அளவுகள்ல இருக்கு. மூடுபனில இருக்கிற தண்ணி துளி ரொம்ப சின்னது, அந்த அலைக்கு முன்னால அது ஒண்ணுமே இல்ல. மறைக்கிறது மலைதான். நம்ம பக்கம் ஒரே தோட்டத்துல மேல் டிவிஷன்ல நெட் பறக்கும், கீழ் டிவிஷன்ல கோல் கூட எடுக்க ஏலாது, நடுவுல ஒரு முகடு நிக்கும், அவ்வளவுதான். 900 மாதிரி எண் குறைஞ்ச அலைவரிசை முகட்ட கொஞ்சம் வளைஞ்சு தாண்டி வரும், 2100 மாதிரி எண் கூடுனது வளையுறது குறைவு.

அப்ப அண்ணே இருவது வருஷமா பாத்தது பொய்யா? பொய் இல்ல. அவர் வீட்டு டிவி டிஷ், பெரிய மழைக்கு படம் நிக்கும், அது மெய். டிஷ்ஷுக்கு வர்ற அலை பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேல, அத மழைத்துளி நல்லாவே குடிக்கும். அதோட மழை மூடுபனி நாள்ல கரண்ட் போகும், டவர்ல பேட்டரி தீந்தா சிக்னல் போகும். மூடுபனி, கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, மூணும் ஒரே நாள்ல வந்தா யாரா இருந்தாலும் மூடுபனியத்தான் சொல்லுவாங்க. கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு சொல்றது இதுக்குத்தான். அவர் கண்டது சரி, கட்டுன காரணம்தான் வேற. இப்பிடி சொன்னா எதிர்ல இருக்கிறவருக்கு ஒத்துக்க ஒரு வழி இருக்கும். "நீங்க சொன்னது முழுக்க பிழை"ன்னு சொன்னா அவரு கதவ சாத்திருவாரு.

படி 7: வாய் தவறுனா உடனே சரி பண்ணுங்க

பெரிய ஆளுங்களுக்கும் வாய் தவறும். 1992 ஜனவரி 29ல ஆண்ட்ரூ டானன்பாம்னு ஒரு பேராசிரியர், மினிக்ஸ்னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுனவரு, லினக்ஸ் காலாவதியான சாமான்னு தலைப்பு போட்டே எல்லாரும் வாசிக்கிற ஒரு இன்டர்நெட் குழுவுல எழுதுனாரு. அந்த லினக்ஸ எழுதுன லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்ப 22 வயசு, யூனிவர்சிட்டி மாணவன். சூடா திருப்பி குடுத்தாரு, பேராசிரியர் வேலையையே இழுத்து பேசுனாரு. ஆனா சீக்கிரமே, அதே எல்லாரும் பாக்குற இடத்துல, நான் ஓவரா பேசிட்டேன்னு மன்னிப்பும் கேட்டாரு. கருத்த மாத்தல, பேசுன விதத்துக்கு மன்னிப்பு. இந்த ரெண்டையும் பிரிக்க தெரிஞ்சிருக்கணும். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளயும் இருக்கிறது லினக்ஸ் கெர்னல், அதாவது சிஸ்டத்தோட நடு பாகம். மினிக்ஸும் சாகல, அதோட ஒரு வடிவத்த இன்டெல் தன்னோட சிப்புக்குள்ளயே வச்சிருக்கிறது 2017ல வெளியில வந்துச்சு. ரெண்டு பேரும் வேற வேற விதத்துல நிலைச்சிட்டாங்க.

ஒரு சின்ன விஷயம், ஏஐகிட்ட கேட்டு வந்த பதில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆதாரம்னு நீட்டாதீங்க. அது தேடுறதுக்கு வழி காட்டும், பிழையும் சொல்லும். அந்த பதில் சொல்ற விஷயத்த நீங்களே ஒரு தடவை செஞ்சு பாத்து அத கொண்டு வாங்க. எந்த போன், எந்த வெர்ஷன், எந்த திகதின்னு சேத்து சொல்லுங்க, விண்டோஸ் 10ல சரியா இருந்தது விண்டோஸ் 11ல சரியா இல்லாம போகலாம்.

பத்தாவது நாள் பின்னேரம் தங்கச்சி கொப்பிய கொண்டு வந்து பெஞ்ச்ல வச்சுச்சு. பேசவே இல்ல. அண்ணே கண்ணாடிய போட்டு ஒவ்வொரு வரியா விரல வச்சு வாசிச்சாரு, ஏழாவது நாள்ல விரல் நின்னுச்சு. "அன்னைக்கு பேக்டரிலயும் கரண்ட் இல்லம்மா, ஜெனரேட்டர் நான்தான் போட்டேன்"னாரு. அப்புறம் என்கிட்ட பேனாவ வாங்கி முதல் பக்கத்துல இருந்த அந்த வரில "மூடுபனி இருக்கிற"ங்கிறத வெட்டி "கரண்ட் இல்லாத"ன்னு எழுதுனாரு. பஸ் வந்துச்சு, ஏறப்போனவரு திரும்பி, "எங்க வீட்டு டிஷ்ஷையும் இதே மாதிரி எழுதி பாப்பமா, மழை எவ்வளவு பேஞ்சா படம் நிக்குதுன்னு"ன்னு பிள்ளைகிட்ட கேட்டாரு. புதுப்பக்கம் திருப்பி கோடு போட்டு வச்சிருக்கு, இப்ப மழைக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்.