ஊருக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டால்

தீபாவளி லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மழையும் கூடவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடலூர் மாவட்டத்துக்கு வருஷ மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். பிச்சாவரம் படகு, சில்வர் பீச் என்று போட்ட திட்டமெல்லாம் காலையிலேயே கலைந்துவிடும், மதியத்துக்குள் போன் வேண்டும் என்று நச்சரிப்பு ஆரம்பமாகிவிடும். அந்த நேரத்தில் மழையை மறக்கவைக்க எதையாவது தேடாதீர்கள். மழையை வைத்தே ஒரு வேலை கொடுங்கள், அதுதான் எங்கள் வீட்டில் எடுபட்டது.

முதல் வேலை மழைமானி. பக்கவாட்டில் நெளிவில்லாத பிளாஸ்டிக் பாட்டிலாகப் பார்த்து எடுத்து, தோள் வளையத் தொடங்கும் இடத்துக்குக் கீழே வெட்டுங்கள் (வெட்டுவது பெரியவர்கள் வேலை). வெட்டிய மேல்பாகத்தின் மூடியைக் கழற்றிவிட்டுத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் தயார். பாட்டிலின் அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும், அதனால் பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் என்று கோடு போட்டு, அதிலிருந்து மேலே ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் குறியுங்கள். காற்றில் சாயாமல் இருக்க மணல் நிரப்பிய வாளிக்குள் பாதி புதைத்து, ஓட்டுத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத இடமாக வாசலில் வையுங்கள்.

வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் 8.30 வரை கணக்கெடுக்கிறது, நீங்களும் அதே நேரத்தில் அளந்தால் செய்தியில் சொல்லும் அளவோடு ஒப்பிடலாம். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். என் மகள் பாட்டிலைத் திண்ணைக்கு எடுத்து வந்து குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ‘32’ என்று சொன்னவள், தம்பியையும் படுக்கவைத்துச் சரிபார்த்த பிறகுதான் நோட்டில் எழுதினாள்.

அப்புறம் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். இருபதடிக்கு இருபதடி கூரை சுமார் 37 சதுர மீட்டர், அதில் 1 சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 370 லிட்டர் விழும். 15 லிட்டர் குடத்தில் அது கிட்டத்தட்ட 25 குடம்! தண்ணீருக்குக் குடம் தூக்கி நடந்த ஆயாவிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் பதிலுக்குச் சொல்லும் கதையிலேயே அரை மணி நேரம் போய்விடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது நம் வீட்டில் எத்தனை பலா, எத்தனை முந்திரி சாய்ந்தது, எந்தப் பக்கமாகச் சாய்ந்தது என்று பிள்ளைகளே கேட்டுத் தோப்பைப் படமாக வரையட்டும். அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆயாவுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

சாயங்காலத்துக்கு வேர்க்கடலை. தோலோடு கழுவி, உப்புப் போட்டு வேகவைத்தால் போதும், கழுவுவதும் உரிப்பதும் பிள்ளைகள் வேலை. முந்திரிக்கொட்டையைச் சுட்டுத் தா என்று கேட்டால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள், அதன் ஓட்டு எண்ணெய் தெறித்தால் தோல் வெந்துபோகும்.

கரண்ட் போனதும் பல்லாங்குழி. பலகை இல்லையா, தரையில் சாக்பீஸால் பக்கத்துக்கு 7 வட்டம் போட்டு, குழிக்கு 5 புளியங்கொட்டை வையுங்கள். ஒரு குழியில் 4 சேர்ந்தால் ‘பசு’, அது குழிக்காரருக்கு. மற்ற விதி வீட்டுக்கு வீடு மாறும், ஆயா சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் வெளியே ஓடத்தான் பார்ப்பார்கள். தூறலில் வாசலில் கப்பல் விடட்டும், நனையட்டும், வந்ததும் தலை துவட்டினால் சரி. ஆனால் இடி கேட்டால் உடனே உள்ளே. ஏரி, வாய்க்கால், மின்கம்பம் இருக்கும் பக்கம் துணையில்லாமல் விடாதீர்கள். வெள்ளம் பார்க்க ஆற்றுக்குக் கூட்டிப்போவதும் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் மாவட்டத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே பெய்தது இங்கேதான் வந்து சேரும்.

இருட்டியதும் திண்ணை விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். ஈசல் வரும், அதைத் தின்னப் பல்லி வரும், கீழே விழுந்ததற்குத் தவளையும் எறும்பும் வரும். யார் எதைத் தின்றது என்று சின்னவன் சொல்லச் சொல்ல, பெரியவள் மழை எழுதிய அதே பக்கத்தில் எழுதட்டும். போதும் என்றால் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி சாப்பாட்டில் ஈசல் விழும்.